இரண்டு பாடத்திலும் இல்லாத மூன்றாவது வாக்கியம்

(ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியுடையது. கடலாமைக் குஞ்சுகளைப் பற்றி எட்டு வரியில் ஒரு பத்தியைக் கொடுத்து, "இதில் முக்கியமானதை அடிக்கோடிடு" என்று சொல்லியிருந்தேன். எட்டு வரியில் ஏழு வரிக்குக் கீழே கோடு இருந்தது. அளவுகோல் வைத்து, கொஞ்சமும் கோணாமல் போட்ட கோடு. விட்டுப்போன ஒரு வரியைக் காட்டி, "இதை மட்டும் ஏன் விட்டாய்?" என்று கேட்டேன். "அது சின்ன வரி, டீச்சர்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முக்கியம் என்றால் என்ன என்று நான் அவளுக்குக் காட்டிக் கொடுத்ததே இல்லை. படிக்கிற பிள்ளைக்கு எல்லாமே முக்கியம்தான். குஞ்சு ஓட்டை உடைப்பதும் முக்கியம், மணல் சூடாக இருப்பதும் முக்கியம். எதற்காகத் தேடுகிறோம் என்று சொல்லாமல் தேடச் சொன்னால், பிள்ளை கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டுதான் வரும்.

அந்தப் பத்தி சொன்னது இதுதான். கடலாமைக் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மணலுக்குள்ளிருந்து வெளியே வருகின்றன. வந்ததும், எந்தப் பக்கம் வெளிச்சமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் நகர்கின்றன. விளக்குகள் இல்லாத கடற்கரையில் கடலின் மேலுள்ள வானம்தான் வெளிறித் தெரியும். ஆகவே அவை சரியாகக் கடலுக்குப் போய்ச் சேரும். கரையில் விளக்குகள் எரிந்தால் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு விளக்கை நோக்கிப் போய்விடுகின்றன. பல குஞ்சுகள் வழியிலேயே களைத்து, காய்ந்து இறந்துபோகின்றன.

சரி, இதன் மையக்கருத்து என்ன? வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் "கடலாமைக் குஞ்சுகள்" என்பார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். இங்கேதான் தவறுகிறோம். "இது எதைப் பற்றி?" என்பது ஒரு கேள்வி. "அதைப் பற்றி என்ன சொல்கிறது?" என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு ஒரு பெயர் போதும். இரண்டாவதற்கு முழு வாக்கியம் வேண்டும். நான் கையாளும் சோதனை மிக எளியது: பிள்ளை சொன்ன பதிலில் பயனிலை இருக்கிறதா? இல்லையென்றால் அது தலைப்பு. மையக்கருத்து இன்னும் வரவில்லை. எழுவாய், பயனிலை என்று நாம் வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுப்பது இந்த இடத்தில் உயிருள்ள கருவியாகிறது. அந்தச் சிறுமியிடம் "குஞ்சுகள் என்ன ஆகின்றன?" என்று கேட்டேன். "கரையில் விளக்கு இருந்தால் வழி தவறிப் போகும்" என்றாள். அவள் கோடு போட்ட ஏழு வரியிலும் இந்த வாக்கியம் அப்படியே இல்லை. அவளே கட்டியது.

நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். மையக்கருத்தைக் "கண்டுபிடி" என்று சொல்லிச் சொல்லி, அது எங்கோ ஒளிந்திருக்கிறது, தேடி எடுத்தால் போதும் என்று பிள்ளைகளை நம்பவைத்துவிட்டோம். சில பத்திகளில் அது முதல் வரியிலேயே இருக்கும், உண்மைதான். பல பத்திகளில் எங்குமே இருக்காது. படிப்பவர்தான் ஆக்க வேண்டும்.

1978-ஆம் ஆண்டு வால்டர் கின்ட்ஷ், டியூன் வான் டைக் என்ற இரண்டு அறிஞர்கள், நீண்ட ஒன்றைப் படிக்கும்போது நம் மனம் அதை எப்படிச் சுருக்கி வைத்துக்கொள்கிறது என்பதை விளக்கினார்கள். மூன்று வேலைகள் நடக்கின்றன என்றார்கள். தேவையில்லாததை நீக்குகிறோம். பலவற்றை ஒரே பொதுப் பெயருக்குள் அடக்குகிறோம். மூன்றாவது வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது: சிதறிக் கிடக்கும் செய்திகளிலிருந்து, அவற்றில் சொல்லப்படாத ஒரு புதுச் செய்தியைக் கட்டுகிறோம். இதைப் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லலாம். "கடைக்கால் தோண்டினார்கள். செங்கல் அடுக்கினார்கள். கூரை போட்டார்கள்." என்ன செய்தார்கள்? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடத் தயங்காமல் "வீடு கட்டினாங்க" என்று சொல்லும். இப்போது கேளுங்கள்: "வீடு என்ற சொல் இதில் எங்கே இருக்கிறது?" பிள்ளைகள் மறுபடி படித்துப் பார்த்துவிட்டு நிமிர்வார்கள். அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்.

எளிதாகச் செய்துவிட்டார்களே என்று நாம் ஏமாந்துவிடக் கூடாது. 1983-இல் ஆன் பிரவுன், ஜீன் டே என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தொடங்கிக் கல்லூரி மாணவர்கள் வரை பல வயதினரைச் சுருக்கம் எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். தேவையில்லாததை நீக்குவதைச் சின்னப் பிள்ளைகளே நன்றாகச் செய்தார்கள். பத்தியில் மைய வாக்கியம் இல்லாதபோது தாமே ஒன்றை எழுதுவது மட்டும் மிகத் தாமதமாகத்தான் வந்தது. கல்லூரி மாணவர்கள்கூடப் பல இடங்களில் அதைச் செய்யவில்லை. ஆக, வயது ஏற ஏறத் தானாக வந்துவிடும் என்று காத்திருக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, நாமே ஒன்றைக் கட்டிக் காட்டி, அப்புறம் அவர்கள் கையில் கொடுத்து, சரிந்து விழுந்தால் எடுத்து நிறுத்தித்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஒரு பத்திக்கே இவ்வளவு பாடு என்றால், இரண்டு மூன்று பாடங்களைச் சேர்த்துப் படிப்பது எப்படியிருக்கும்? ஆனால் பிள்ளைகள் வாழப்போகும் உலகம் அதைத்தான் கேட்கிறது. எந்த ஒன்றையும் ஒரே இடத்தில் படித்து முடித்துவிட முடியாது. 15 வயது மாணவர்களின் திறனை உலக அளவில் சோதிக்கும் பிசா தேர்வின் வாசிப்புப் பகுதியிலும், 2018-இல் பல மூலங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் படிக்கும் கேள்விகளுக்கு முக்கிய இடம் கொடுத்தார்கள்.

மறுநாள் அதே வகுப்புக்கு இன்னொரு பத்தி கொண்டுபோனேன். வலசை போகும் பறவைகளைப் பற்றியது. பல சிறு பறவைகள் இரவில்தான் நெடுந்தூரம் பறக்கின்றன. வழி தெரிந்துகொள்ள நட்சத்திரங்களும் அவற்றுக்கு உதவுகின்றன. உயரமான கட்டடங்களில் விளக்குகள் எரியும்போது அந்த வெளிச்சம் அவற்றை இழுக்கிறது. அதைச் சுற்றியே பறந்து களைக்கின்றன, கண்ணாடியில் மோதிச் சாகின்றன. படித்து முடித்ததும், "நேற்றுப் படித்ததையும் இதையும் சேர்த்து எழுதுங்கள்" என்றேன்.

என்ன வந்தது தெரியுமா? பெரும்பாலோர் ஆமையைப் பற்றி நான்கு வரி எழுதினார்கள். அப்புறம் "மேலும்" என்று போட்டு, பறவையைப் பற்றி நான்கு வரி. இதை நான் ஒட்டுவேலை என்பேன். இரண்டு தாள்களைப் பசை தடவி ஒட்டிவிட்டால் ஒரே தாள் ஆகிவிடுமா? அந்த "மேலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளை எதையும் இணைக்காமலே இணைத்ததுபோல் காட்டிக்கொள்ள அது இடம் கொடுத்துவிடுகிறது. அதனால் என் வகுப்பில் சில வாரங்களுக்கு "மேலும்", "மற்றும்" இரண்டையும் எடுத்து வைத்துவிட்டோம். அவற்றுக்குப் பதிலாக "அதேபோல்", "ஆனால்", "அதனால்", "இருந்தாலும்" ஆகிய நான்கில் ஒன்றைப் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். "அதேபோல்" என்று எழுதப் போனால், எதுபோல் என்று யோசித்தே ஆக வேண்டும். "ஆனால்" போட்டால் இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். சிறிய சொற்கள்தான். பிள்ளையின் சிந்தனை வெளியே தெரிவது அவற்றில்தான்.

அன்றைய பேச்சை அப்படியே சொல்கிறேன். "இரண்டும் எதில் ஒன்றுபோல் இருக்கின்றன?" என்று கேட்டேன். ஒருவன் "இரண்டும் பிராணி" என்றான். தப்பில்லை, ஆனால் மாடும் பிராணிதான், மீனும் பிராணிதான். இன்னொருத்தி கையைத் தூக்கி, "ரெண்டும் பாவம், டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் அந்தப் பதிலைக் கரும்பலகையில் எழுதினேன், ஏனென்றால் அதற்குள் ஒரு தீர்ப்பு இருந்தது. "ஏன் பாவம்?" "வெளிச்சத்தாலே." "வெளிச்சம் என்ன செய்தது?" கொஞ்ச நேரம் அமைதி. பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏமாத்திடுச்சு."

ஏமாற்றிவிட்டது! இரண்டு பத்தியிலும் அந்தச் சொல் கிடையாது. ஆனால் இரண்டையும் ஒரு பிடிக்குள் கொண்டுவந்துவிட்டது. அதை வைத்து வகுப்பே சேர்ந்து எழுதிய வாக்கியம் இது: "மனிதர்கள் போடும் வெளிச்சம், இரவில் வழி தேடும் உயிர்களை ஏமாற்றிவிடுகிறது." ஆமைக்கும் பொருந்துகிறது, பறவைக்கும் பொருந்துகிறது. மாட்டையும் மீனையும் உள்ளே இழுக்கவில்லை. சேர்த்து எழுதிய வாக்கியம் நல்லதா என்று பார்க்க எனக்கு இந்த இரண்டு கேள்விகள் போதும்: எல்லாப் பாடங்களையும் பிடிக்கிறதா? பிடிக்கக் கூடாததை விட்டுவிடுகிறதா?

வீட்டில் செய்ய விரும்பும் பெற்றோருக்கு ஒரு வழி. ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் வரிசையாகப் பாடங்களின் பெயர். மேலே இரண்டோ மூன்றோ கேள்விகள்: யாருக்கு நடந்தது, எதனால் நடந்தது, என்ன ஆயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று சொற்களுக்கு மேல் கூடாது. மூன்று சொல் என்று வரம்பு வைக்காவிட்டால் பிள்ளை முழு வரியையும் அப்படியே பார்த்து எழுதிவிடும். எழுதி முடித்ததும் பாடங்களை மூடி வைத்துவிட்டு, கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொல்லுங்கள். "எதனால்" என்ற கேள்விக்குக் கீழே "கரை விளக்கு", "கட்டட விளக்கு" என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்போது, நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பாடத்தையும் ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கிப் பிடிப்பது பிள்ளைக்குக் கனமான வேலை. அந்தக் கனத்தில் பாதியைத் தாள் வாங்கிக்கொள்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடிவானம் என்றால் என்ன, வலசை என்றால் என்ன என்றே தெரியாத பிள்ளையிடம் மையக்கருத்தைக் கேட்பது நியாயமில்லை. பொருள் தெரியாத இடத்தில் எந்த உத்தியும் வேலை செய்யாது. முதலில் பேசுங்கள், படம் காட்டுங்கள், அப்புறம் கேளுங்கள்.

மூன்றாம் நாள் கொண்டுபோன பத்தி வேறு மாதிரி. இரவில் சாலையில் விளக்கு இருந்தால் நடப்பவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் ஆபத்து குறைகிறது என்று தொடங்கியது. விளக்கைத் தாழ்வாக வைத்து, மேலேயும் பக்கவாட்டிலும் ஒளி சிதறாமல் மறைத்து, வெள்ளை ஒளிக்குப் பதில் செம்மஞ்சள் ஒளியைப் போட்டால் ஆமைக் குஞ்சுகளின் தடுமாற்றம் குறையும் என்று முடிந்தது. முதல் நாள் அடிக்கோடு போட்ட சிறுமிக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்போ நேத்து எழுதினது தப்பா?" என்றாள்.

தப்பில்லை. புதுப் பாடம் வரும்போது பழைய வாக்கியம் கொஞ்சம் நகர வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். நகர்த்தத் தெரிவதைத்தான் நாம் மதிப்பெண் கொடுத்து ஊக்குவிக்க வேண்டும். அடித்துத் திருத்திய நோட்டைப் பார்த்து "அழகாக எழுது" என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிடலாம். அன்று அவள் நோட்டில் நான்கு முறை அடித்துத் திருத்தி எழுதியது: "மனிதர்களுக்கு இரவில் வெளிச்சம் வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட வெளிச்சம், எங்கே போடுகிறோம் என்று பார்த்துப் போடாவிட்டால், வழி தேடும் உயிர்கள் ஏமாறும்." ஏழு வரிக்குக் கோடு போட்ட அதே கைதான்.

பாடங்கள் முரண்படும்போது இன்னொரு கேள்வியும் வந்துவிடுகிறது: இதைச் சொல்வது யார்? சாம் வைன்பர்க் என்ற ஆய்வாளர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், 8 வரலாற்று அறிஞர்களையும் 8 உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் ஒரே நிகழ்வைப் பற்றிய பல ஆவணங்களைப் படிக்கச் சொன்னார். 1775-இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் நடந்த மோதல் அது. அறிஞர்கள் பெரும்பாலும் ஆவணத்தைப் படிக்கும் முன்பே, எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஒன்றில் உள்ளதை இன்னொன்றோடு வைத்துச் சரிபார்த்தார்கள். மாணவர்கள் நன்றாகப் படிக்கக்கூடியவர்கள்தான். ஆனாலும் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை நேராகப் படித்துக்கொண்டு போனார்கள். எழுதியவர் பெயர் அவர்களுக்குக் கடைசியில் வரும் இன்னொரு வரி, அவ்வளவே.

இதைச் சின்ன வகுப்பில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே அந்த மூன்றாம் நாள் மணியடிக்கும் நேரத்தில் தாள்களை வாங்கிக்கொண்டிருந்தேன். "பிராணி" என்று சொன்ன பையன் தாளைக் கொடுக்காமல் நின்றான். சாலை விளக்கைப் பற்றிய பத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா தேடுகிறாய்?" என்றேன்.

"இதை எழுதினவங்க ஆமைக் குஞ்சைப் பார்த்திருக்காங்களா, டீச்சர்?"

தாளில் எழுதியவர் பெயர் இல்லை. நான்தான் அதை வெட்டிவிட்டு நகல் எடுத்திருந்தேன். மறுநாளிலிருந்து வெட்டுவதில்லை.