போட்டிக்காரனுக்கு ஜாமீன் பேசின ஃபோர்டு

நடுவர் அவர்களே, வணக்கம். 2008-ல அமெரிக்க அரசாங்கம் கார் கம்பெனிகள காப்பாத்தினது தப்புன்னு பேசின எதிரணி அண்ணன், டெட்ராய்ட் கார் கம்பெனிங்களான ஜெனரல் மோட்டார்ஸ்ங்கற ஜிஎம், ஃபோர்டு, கிரைஸ்லர், இந்த மூணோட தலைவருங்களும் ஆளுக்கொரு தனி பிளைட்ல வாஷிங்டன் வந்து இறங்கி கடன் கேட்டாங்கன்னு ஒரு போடு போட்டாரு, நீங்களும் கை தட்டினீங்க. நானும்தான் தட்டினேன், உண்மைதானே!

ஆனா அண்ணே, அந்த மூணு பேர்ல ஒருத்தர், ஃபோர்டு தலைவர் முலாலி, கடைசில அந்த மீட்புப் பணத்த வாங்கவே இல்லையே, அத ஏன் முழுங்கிட்டீங்க? 2006-லயே கம்பெனி சொத்து, அந்த நீல லோகோ வரைக்கும் அடமானம் வச்சு 2,360 கோடி டாலர் கடன் ஏற்பாடு பண்ணி வச்ச மனுஷன், ஜிஎம்மும் கிரைஸ்லரும் பிழைக்கணும்னு வந்து பேசினாரு. பாசமா? மண்ணாங்கட்டி. மூணு பேருக்கும் பார்ட்ஸ் சப்ளை பண்றவங்க பாதிக்கு மேல ஒரே ஆளுங்க. ஜிஎம் மூடினா அவங்க மூடுவாங்க, அவங்க மூடினா நல்லா இருக்கற ஃபோர்டு ஃபேக்டரியும் நிக்கும். பகையாளி வீடு எரியுது, நடுவுல பொதுச்சுவரு, தண்ணி ஊத்தாம என்ன பண்றது?

கம்பெனிங்க திவால் கோர்ட்டுக்குப் போயி தானா சரி பண்ணிக்கட்டும்னாரு அண்ணன். சரி, கேஸ் முடியற வரைக்கும் சம்பளத்துக்குக் காசு? லேமன் பிரதர்ஸ்ங்கற பெரிய பேங்க் கவுந்து மூணு மாசம், எந்த பேங்க்காரன் குடுப்பான்?

சும்மா தூக்கிக் குடுத்தாங்கன்னும் சொன்னாரு. எங்க குடுத்தாங்க? டிசம்பர்ல செனட்ல, தொழிலாளி சம்பளத்த எப்ப குறைக்கறதுன்னு பேசிப் பேசியே பேச்சு முறிஞ்சு, அப்புறம்தான் அப்போதைய ஜனாதிபதி புஷ் பேங்குகளுக்கு ஒதுக்கின பணத்துலருந்து 1,740 கோடி டாலர் எடுத்துக் குடுத்தாரு. அடுத்து வந்த ஒபாமா ஆளுங்க இன்னும் கறார்: 2009 மார்ச்ல ஜிஎம் தலைவர் வேகனர வீட்டுக்கு அனுப்பினாங்க, கிரைஸ்லருக்கு 30 நாள் கெடு, இத்தாலி கார் கம்பெனி ஃபியட்டோட டீல முடி, இல்லன்னா பைசா கிடையாதுன்னுட்டாங்க. ரெண்டு கம்பெனியும் அண்ணன் கேட்ட அதே திவால் கோர்ட்டும் ஏறிச்சு. பழைய ஜிஎம் ஷேர் வச்சிருந்தவனுக்கு மிஞ்சினது வெறும் காகிதம், புது ஜிஎம்ல சுமார் 61 சதவீதம் அரசாங்கத்துக்கு. கந்துவட்டிக்காரன் தோத்தான் போங்க.

புதுசா சேர்ந்த தொழிலாளிக்குப் பாதி சம்பளம்னு ஆனது எனக்கும் உறுத்தல்தான். 2013-ல அரசாங்கம் ஜிஎம் பங்கெல்லாம் வித்து முடிச்சப்ப 1,000 கோடி டாலருக்கு மேல நஷ்டம், அதையும் மறைக்கல. மூடியிருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்ங்கற கணக்க மட்டும் அண்ணன் இன்னும் வாய் திறக்கல, என் பெல் அடிச்சாச்சு, அவருக்கு இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி இருக்கு.