காட்டத்தி மரத்தடியில்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறைப்பணியைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறைக்குள் போய் வருகிறவன் நான். அந்த வேலையில் எனக்குச் சோர்வு தட்டும்போதெல்லாம் நினைவுக்கு வரும் நாடு ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டா. இன்று அதைப் பற்றியே பேசுகிறேன்.

1994 ஏப்ரலில் தொடங்கி நூறே நாளில், சுமார் எட்டு லட்சம் பேரை அங்கே ஹுட்டு இனத்துத் தீவிரவாதிகள் வெட்டியும் அடித்தும் கொன்றார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் துட்சி இனத்தார். கொலைக்கு உடன்படாத ஹுட்டுகளும் அதில் அடக்கம். கத்தியைத் தூக்கியவர்களில் பலர் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள், ஒரே கோவில் மணிக்கு எழுந்து போனவர்கள்.

ஆமாம், கோவில் மணிதான். அந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள். தலைநகர் கிகாலிக்குத் தெற்கே நியாமாட்டா என்ற ஊரில் ஒரு தேவாலயம் இருக்கிறது. உள்ளே ஓடி ஒளிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பி ஆயிரக்கணக்கானோர் வந்து அடைந்தார்கள், அங்கேயே கொல்லப்பட்டார்கள். இன்று அது நினைவிடம். இறந்தவர்களின் துணிமணிகள் பெஞ்சுகளின்மேல் குவிந்து கிடக்கின்றன. சட்டை, பாவாடை, குழந்தைகளின் சின்னச் சின்ன உடுப்பு, எல்லாம் மண் நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய். நியாங்கே என்ற இன்னோர் ஊரில், மக்கள் உள்ளே இருக்கும்போதே புல்டோசரால் கோவிலை இடித்த குற்றத்தில் அதன் பங்குக் குருவுக்கே பங்கு இருந்தது. ருவாண்டா வழக்குகளுக்கான சர்வதேச நீதிமன்றம் 2008இல் மேல்முறையீட்டில் அவருடைய தண்டனையை ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. ருவாண்டாவின் கத்தோலிக்க ஆயர்கள் 2016இல் மன்னிப்புக் கேட்டார்கள், திருத்தந்தை பிரான்சிஸ் 2017இல் கேட்டார். கிறிஸ்தவ சேவையைப் பற்றிப் பேச வந்த நான் இதை மறைத்துவிட்டு மேலே போக முடியாது.

நிவாரணம் வந்தது. அரிசி, மருந்து, கூடாரம் எல்லாமே வந்தன, தேவையாகவும் இருந்தன. ஆனால் அங்கே பல காலம் வேலை செய்த அமெரிக்கக் கத்தோலிக்க நிவாரண அமைப்பு பிற்பாடு தன்னைத்தானே கேட்டுக்கொண்டது: இத்தனை வருடம் உணவு கொடுத்தோம், விவசாயத்துக்கு உதவினோம், மக்களுக்குள்ளே புகைந்த பகையை ஏன் கவனிக்காமல் விட்டோம்? நீதியும் சமாதானமும் தன் வேலையில் சேர்ந்தவைதான் என்று அந்த அமைப்பு தன் போக்கையே மாற்றிக்கொண்டது. நிவாரணப் பணியில் இருக்கிற ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி என்றுதான் நினைக்கிறேன்.

சரி, கொன்றவர்கள் என்ன ஆனார்கள்? சிறைகள் நிரம்பி வழிந்தன. சில நூறு பேருக்காகக் கட்டிய கிதராமா சிறையில் 1995இல் ஏழாயிரம் பேர் அடைந்து கிடந்தார்கள். உட்கார இடமில்லை. ஈரத்தில் நின்று நின்றே கால் அழுகி, விரலையும் பாதத்தையும் வெட்டி எடுக்க வேண்டி வந்தது. சில வருடங்களில் நாடு முழுக்க ஒரு லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல் உள்ளே. நீதிபதிகளில் பெரும்பாலோர் செத்துவிட்டார்கள், அல்லது ஓடிவிட்டார்கள். வழக்கமான முறையில் விசாரித்தால் நூறு வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தச் சிறைகளுக்குள் போனது ருவாண்டா சிறை ஐக்கியம் என்ற கிறிஸ்தவ அமைப்பு. அதை முன்நின்று நடத்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஜான் ருச்சியஹானா துட்சி இனத்தவர். அவர் குடும்பத்திலேயே ஒரு இளம்பெண்ணைக் கொடூரமாகக் கொன்றிருந்தார்கள். அப்படிப்பட்டவர் இளஞ்சிவப்புச் சீருடை போட்ட அந்தக் கைதிகள் முன்னால் போய் நின்றார்.

அவர்கள் கைதிகளோடு நடத்திய பாடத்துக்கு உமுவுமு என்று பெயர். ருவாண்டா மொழியில் அது அத்தி வகை மரம். வரி வசூலிக்கிற சகேயு இயேசுவைப் பார்க்க ஏறினானே, நம் வேதாகமத்தில் காட்டத்தி மரம் என்று வருகிறதே, அதுதான் கணக்கு. அந்தக் கதையில் சகேயு வாயால் மட்டும் மனந்திரும்பவில்லை. ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். கைதிகளிடமும் அதையே கேட்டார்கள்: செய்ததைச் சொல், யாருக்குச் செய்தாய் என்று சொல், என்ன திருப்பித் தரப்போகிறாய்?

அப்புறம் கச்சாச்சா என்ற ஊர் நீதிமன்றங்கள் கூடின. புல்தரையில் உட்கார்ந்து நடத்துகிற பழைய பஞ்சாயத்துதான். 2005இலிருந்து நாடு முழுக்க நடந்து 2012இல் முடிந்தன. ஒப்புக்கொண்டவர்களுக்குத் தண்டனை குறைந்தது. பாதியைப் பொதுவேலையாகச் செய்து கழிக்கலாம். பிழைத்தவர்களில் பலர் அங்கே கேட்டது தண்டனையைப் பற்றி அல்ல. "என் பிள்ளையை எங்கே போட்டாய்?" உடல் கிடக்கும் குழியைத் தெரிந்துகொள்ளத்தான் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

நியாமாட்டாவுக்கு அருகில் ம்ப்யோ என்ற கிராமம் இருக்கிறது. விடுதலையானவர்களும் அவர்களுடைய கொலைகளுக்குத் தப்பியவர்களும் அங்கே அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிறார்கள். சிறை ஐக்கியம் பொருள் கொடுத்தது. வீட்டைக் கட்டியது இவர்களே. களிமண்ணை மிதித்துக் குழைத்து, மரச்சட்டத்தில் அடித்து, வெயிலில் காயவைத்த கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுவர் எழுப்பி, தகரம் போட்டார்கள். ஒரு காலத்தில் கத்தி பிடித்த கையிலிருந்து ஒரு விதவை மண்கல்லை வாங்குவதை யோசித்துப் பாருங்கள். அந்த நொடியில் அவளுக்கு என்ன ஓடியிருக்கும்? பேசிப் பேசித் தீராத ஏதோ ஒன்று அந்த வேலையில் கொஞ்சம் கரைந்திருக்கிறது என்று நம்புகிறேன்.

எல்லாரும் மன்னித்துவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மன்னிக்கும்படி எங்களை நெருக்குகிறார்கள் என்று வேதனைப்பட்டவர்கள் அங்கே உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. நிவாரணப் பொட்டலம் போல மன்னிப்பை வரிசையில் நிற்கவைத்து விநியோகிக்க முடியாது. பாதிக்கப்பட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது அவர் உரிமை. கொன்றவன் அதற்கப்புறமும் கல் அறுக்க வேண்டும், கூரை போட வேண்டும். பாதிக்கப்பட்டவர்தான் முதலில் என்ற இந்த முறையை மாற்றிவிட்டால் சிறைப்பணி குற்றவாளிக்கு ஆறுதல் சொல்வதோடு நின்றுபோகும். நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். உள்ளே இருக்கிறவனோடு வருடக்கணக்கில் ஜெபித்துவிட்டு, அவனால் பாழான வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முப்பது வருடத் தண்டனை பெற்றவர்கள் ருவாண்டாவில் இப்போது வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். இருபத்தைந்து வயதில் உள்ளே போனவனுக்கு இப்போது ஐம்பத்தைந்து. கைக்குழந்தையாக விட்டுப்போன மகளுக்கு இவன் முகம் தெரியாது. செல்போனில் எப்படிப் பேசுவது என்று இவனுக்குத் தெரியாது. அவன் பிறந்த மலைச்சரிவில், அவன் கையால் அண்ணனைப் பறிகொடுத்த ஒருத்தி இன்னும் அதே வீட்டில் இருக்கிறாள். அவன் வருவதற்கு முன்பே யாராவது அவள் வீட்டுக்குப் போய், வாசலில் உட்கார்ந்து, அவள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.