லேப் அட்டெண்டருக்குத்தான் முதல்ல தெரியும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க. சேலத்துல ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல பாடம் எடுக்கறேன், கூடவே டியூட்டர் வேலையும் பாக்கறேன், அதாவது ஒரு கிளாஸ் பசங்களோட வருகை, நல்லது கெட்டத பாத்துக்கற பொறுப்பு. ஒரு ஸ்டூடண்ட் மனசளவுல நல்லா இல்லைன்னு தோணுச்சுன்னா காலேஜ் ஸ்டாஃப் யார்கிட்ட எப்படி சொல்றது, அதப்பத்தி பேசுங்கன்னு கூப்புட்டிருக்காங்க. ஸ்டாஃப்னதும் சாக்பீஸ் புடிக்கறவங்கள மட்டும் நெனச்சுக்காதீங்க. ஒரு புள்ள வாடிப்போனா அது முதல்ல தெரியறது லேப் அட்டெண்டருக்கு, ஹாஸ்டல் மெஸ்ல பரிமாறுற அக்காவுக்கு, காலேஜ் பஸ் டிரைவர் அண்ணனுக்கு. நாங்க அறுபது பேரு கிளாஸ்ல தலைய எண்ணிட்டு போயிடுவோம், மெஸ் அக்காவுக்குத்தான் தெரியும் எந்த பொண்ணு நாலு நாளா தட்ட அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு போகுதுன்னு. ஆனா அந்த அக்காகிட்ட யாரும் கேக்கறதும் இல்ல, அவங்களா வந்து சொன்னா "உனக்கெதுக்கும்மா இதெல்லாம்"னு அனுப்பி விட்டுடறாங்க. இதத்தான் முதல்ல மாத்தணும்.

அடுத்தது, நாம டாக்டர் இல்ல. "பையன் டிப்ரஷன்ல இருக்கான் சார்"னு சொல்ல நமக்கு எந்த படிப்பும் கெடையாது. நாம சொல்ல வேண்டியது கண்ணால பாத்தத, காதால கேட்டத மட்டும். ஒரு பேப்பர்ல இப்படி எழுதுங்க: "மூணு வாரமா திங்கக்கிழமை முதல் ரெண்டு அவர் வரல. போன செமஸ்டர்ல ஒரு அரியர் கூட இல்ல, இப்ப ரெண்டு இன்டெர்னலும் எழுதல. வியாழக்கிழமை ரெக்கார்ட் நோட் கேட்டேன், இனிமே அது எதுக்கு மேடம்னு சொன்னான்." தேதி போடுங்க, அவன் சொன்ன வார்த்தைய அப்படியே போடுங்க. சோம்பேறி, அழுத்தக்காரன், லவ் ஃபெயிலியர், இதெல்லாம் வேண்டாம். அந்த கடைசி ஒரு வரி போதும், மனநல ஆலோசனை குடுக்கற காலேஜ் கவுன்சிலருக்கு எங்க ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சுடும்.

எழுதறதுக்கு முன்னாடி அந்த புள்ளகிட்டயே ஒரு வார்த்த கேட்டுடுங்க, ஏன்னா நம்ம ஊர்ல லீவுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஏற்காடு மேல கிராமத்துல இருந்து வர்ற பசங்க மார்கழி தை மாசத்துல திடீர்னு காணாம போவாங்க, காப்பிப் பழம் பறிக்கற சீசன், வீட்ல ஆள் பத்தாது. சிவதாபுரம் பக்கத்து பையன் கிளாஸ்ல தூங்கறான்னா ராத்திரி ஒரு மணி வரைக்கும் கொலுசு பட்டறைல உக்காந்திருப்பான். அவனுக்கு வேண்டியது கவுன்சிலிங் இல்லீங்க, ஃபீஸ் கட்ட ஒரு வழி. ஸ்டாஃப் ரூம்ல நாலு பேரு டீ குடிச்சுட்டு இருக்கும்போது நடுவுல நிக்க வெச்சு கேக்காதீங்க, எவனும் வாய தொறக்க மாட்டான். காரிடார்ல கூட நடந்துகிட்டே "என்னப்பா, கொஞ்ச நாளா ஆளே சரியில்ல, சாப்பிடறியா, தூங்கறியா"ன்னு கேட்டா போதும், அப்புறம் நாம பேசாம இருக்கணும், வாத்தியாருங்களுக்கு அதுதான் கஷ்டமான வேலையே.

இங்க ஒண்ணு. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம்"னு சத்தியம் கேப்பாங்க. பண்ணிக் குடுக்காதீங்க. "தேவையில்லாதவங்க காதுக்கு போகாது, ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா உதவி பண்றவங்ககிட்ட கண்டிப்பா சொல்லுவேன்"னு மொதல்லயே சொல்லிடுங்க. சாகணும்ங்கற மாதிரி பேச்சு வந்தா சுத்தி வளைக்காம நேரா கேட்டுடலாம், கேக்கறதால இல்லாத எண்ணம் புதுசா வந்துடாது, மனநல மருத்துவருங்களே சொல்றதுதான் இது. ஆமான்னு சொன்னா அன்னைக்கி பேப்பர், ஃபைல் எல்லாம் ஓரமா வெச்சுடுங்க. தனியா விடாதீங்க, பாத்ரூம் போனாலும் வெளிய ஒரு ஆள் நிக்கணும், கவுன்சிலர கூப்புடுங்க, இல்லைன்னா நேரா நம்ம மோகன் குமாரமங்கலம் ஜிஹெச்சுக்கு கூட்டிட்டு போங்க, அங்க மனநலப் பிரிவு இருக்கு. 14416னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கெடையாது, ராத்திரி பகல் எப்ப வேணா தமிழ்லயே பேசலாம், ஸ்டூடண்ட்டுக்காக ஸ்டாஃபும் கூப்புட்டு என்ன பண்றதுன்னு கேக்கலாம்.

அவசரம் இல்லாத விஷயம்னா டியூட்டர், அப்புறம் ஹெச்ஓடி, அதாவது துறைத் தலைவர், அப்புறம் கவுன்சிலர்னு வழக்கமான பாதைல போகட்டும். ஆனா தொந்தரவு குடுக்கறதே டிபார்ட்மெண்ட் ஆளுன்னா அந்த பாதைலயே போய் நிக்கறதுல அர்த்தமில்ல, நேரா பிரின்சிபால்கிட்டயோ, பாலியல் புகார்னா உள் புகார் குழுகிட்டயோ போகணும். ராகிங்னா அதுக்கு தனி கமிட்டி, யுஜிசி 2009லயே விதி போட்டாச்சு.

இப்ப எனக்கு ரொம்ப நாளா ஆத்திரமா இருக்கற விஷயம். எதுக்கெடுத்தாலும் "போய் பேரண்ட்ஸ கூட்டிட்டு வா." அந்த பொண்ணுக்கு வீட்லதான் பிரச்சனைன்னா? படிப்ப நிறுத்தி கல்யாணம் பண்ணி வெக்கப் பாக்கறாங்க, அதனாலதான் அது அழுதுட்டு இருக்கு, நீங்க அப்பாவ வரச்சொல்லி "பொண்ணு ஒழுங்கா படிக்கறதில்ல"ன்னு சொன்னா அடுத்த வாரமே டிசி கேட்டு வந்து நிப்பாங்க, புதுமைப்பெண் பணம் ஆயிரம் ரூவா வந்தாலும் ஒண்ணும் நிக்காது. வீட்ல சொல்லணும்தான், உயிருக்கு ஆபத்துன்னா உடனே சொல்லணும், ஆனா வீட்ல யார்கிட்ட சொன்னா உனக்கு நல்லதுன்னு அந்த புள்ளகிட்ட கேட்டுட்டு சொல்லுங்க. நெறைய வீட்ல அது சித்தியா இருக்கும், தாய்மாமனா இருக்கும்.

தகவல் சொன்ன அட்டெண்டருக்கு "பாத்துகிட்டோம்ணா"ன்னு ஒரு பதில் போகணும், இல்லைன்னா அடுத்த தடவ அவர் வாயே தொறக்க மாட்டார். ஆனா கவுன்சிலர்கிட்ட போய் "என்ன சொன்னா, என்ன சொன்னா"ன்னு நோண்டாதீங்க, அவங்க சொல்லக்கூடாது, 2017 மனநல சட்டம் அந்த ரகசியத்த காப்பாத்துது. உங்க வேலை அந்த அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜுக்கு காண்டனேஷன், அதாவது விலக்கு, கெடைக்குமான்னு ஆபீஸ்ல விசாரிக்கறது, எழுதாத இன்டெர்னலுக்கு ரீடெஸ்ட் வெக்கறது.

2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, நூறு பேரும் அதுக்கு மேலயும் படிக்கற இடத்துல பயிற்சி எடுத்த கவுன்சிலர் ஒருத்தராவது இருக்கணும், டீச்சிங், நான்-டீச்சிங் எல்லா ஸ்டாஃபுக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பயிற்சி குடுக்கணும், ஹெல்ப்லைன் நம்பர பெருசா எழுதி கிளாஸ்லயும் ஹாஸ்டல்லயும் ஒட்டணும்னு. உங்க காலேஜ்ல அது பிரின்சிபால் ரூம் வாசல்ல ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தா, நாளைக்கு ஹாஸ்டல் மாடிப்படி பக்கத்துல இன்னொண்ணு ஒட்டச் சொல்லுங்க. நன்றி, வணக்கமுங்க.