பேதுருவும் குளிர்காய்ந்துகொண்டிருந்தான்

நேயர்களுக்கு வணக்கம். இந்த வருஷம் உறைபனி கொஞ்சம் கூடுதல். விடிகாலையில் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் வெள்ளை. ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் பள்ளத்தில் இருக்கிற தேயிலை நுனி கருகிக் கிடக்கிறது. வெளியே இறங்க முடியாத இந்த மாலைகளில் படித்த நாவல்களைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் கேட்டார்கள். நான் எழுத்தாளன் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் 34 வருஷம் இருந்து, டீமேக்கராக, அதாவது தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிறவனாக, ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவன். அவ்வளவுதான் என் தகுதி.

படிக்கும் பழக்கம் ஃபாக்டரியில் வந்தது. சாயங்காலம் கொழுந்து வந்து சேரும். வாட்டும் தொட்டியில் பரப்பி, காற்றாடியைப் போட்டுவிட்டால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அது பாட்டுக்கு வாடிக்கொண்டிருக்கும். நடுவே நடுவே போய் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்க்க வேண்டும். கையை விரித்தால் பந்தாகவே நிற்க வேண்டும். காம்பை வளைத்தால் முறியக் கூடாது. அந்த இடைவெளிகளில் படித்ததுதான் என் படிப்பு. இப்போதும் என் புத்தகங்கள் ஒரு பழைய டீப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பிளைவுட் பெட்டி, உள்ளே ஈயத்தாள். மழைக்காலத்தில் இந்த மலையில் அலமாரிப் புத்தகமெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும். பெட்டிக்குள் இருப்பதற்கு ஒன்றும் ஆவதில்லை. என்ன, எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் தூள் வாசனை வரும்.

என் அப்பா உபதேசியார். கதைப் புத்தகம் என்றாலே உலகப்பிரகாரமானது என்பார். வீட்டில் அனுமதி இருந்த ஒரே கதை மோட்சப் பிரயாணம். "அதுவும் ஒருத்தர் கற்பனையா எழுதினதுதானே அப்பா?" என்று கேட்டு ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன். அப்பாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயம் இன்னும் நம் சபைகளில் இருக்கிறது. கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே புத்தகக் கடை போடுவார்கள் இல்லையா, அதில் போன வருஷம் ஒரு 'ஆவிக்குரிய நாவல்' வாங்கினேன். குடிகாரக் கணவன், அழுகிற மனைவி. கடைசி அத்தியாயத்தில் ஒரு கூட்டம், கணவன் மனந்திரும்புகிறான், கடனும் தீர்ந்துவிடுகிறது. மனந்திரும்புதல் உண்மை. கடன் எப்படித் தீர்ந்தது என்றுதான் எழுதியவர் கடைசி வரை சொல்லவில்லை.

எங்கள் ஜெபக்குழுவில் ஒரு நண்பர் கேட்டார்: "பிரதர், நீங்க படிக்கிற புத்தகத்துல எல்லாம் சபை ஏன் கெட்டதாவே வருது? நம்மள நல்லபடியா எழுத ஆளே இல்லையா?" நியாயமான கேள்வி. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இந்தக் குளிரில் படித்ததை வைத்து இப்போது கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பெங்களூரில் இருக்கிற மகள் அனுப்பிய புத்தகம் ஒன்று. 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' என்று பெயர். எழுதியவர் அயர்லாந்துக்காரர், கிளேர் கீகன். 2021-ல் வந்தது. நூற்றுச் சொச்சம் பக்கம்தான். அகராதி வைத்துக்கொண்டு படித்தும் மூன்று நாளில் முடித்துவிட்டேன். 1985-ம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் சமயம், நியூ ராஸ் என்கிற சின்ன ஊர். பில் ஃபர்லாங் என்பவன் கரியும் விறகும் விற்கிறவன். ஐந்து மகள்கள். ஊரில் ஒரு கன்னியர் மடம். பக்கத்திலேயே அவன் மகள்கள் படிக்கும் பள்ளிக்கூடம். மடத்துக்குச் சொந்தமாக ஒரு சலவைக்கூடமும் உண்டு. துணி பளிச்சென்று வெளுத்து வரும் என்று ஊரெல்லாம் பேர். ஒரு நாள் விடிவதற்கு முன் கரி இறக்கப் போகிறான். கரிக் கொட்டகையைத் திறந்தால் உள்ளே ஒரு பெண் அடைபட்டுக் கிடக்கிறாள். ராத்திரியெல்லாம் அங்கேதான் இருந்திருக்கிறாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று: என் குழந்தையைப் பற்றி விசாரித்துச் சொல்வீர்களா?

மடத்துத் தலைவி அவனை உள்ளே அழைத்து உட்கார வைத்துத் தேநீர் கொடுக்கிறார். அந்தத் தூள் எந்தத் தோட்டத்தினது என்று தொழில் புத்தியில் ஒரு நிமிஷம் யோசித்தேன், தப்பாக நினைக்காதீர்கள். அப்புறம் அவன் மகள்களின் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார். மிரட்டல் என்று எடுத்துச் சொல்ல அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. கிறிஸ்துமஸுக்கென்று ஒரு உறையில் பணமும் தருகிறார். அவன் வாங்கிக்கொள்கிறான். ஊரில் எல்லோருக்கும் ஏதோ தெரியும். யாரும் எதுவும் சொல்வதில்லை. மடத்தைப் பகைத்துக்கொண்டால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போய்விடும், வியாபாரம் போய்விடும். சாப்பாட்டுக் கடைக்கார அம்மாள் அவன் நன்மைக்காகவே எச்சரிக்கிறாள்.

கதை கற்பனை. ஆனால் மக்தலேனாள் பெயரை வைத்துக்கொண்ட அந்தச் சலவைக்கூடங்கள் கற்பனை அல்ல. கல்யாணம் ஆகாமல் கர்ப்பமானவர்கள், யாருமற்றவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் அயர்லாந்தில் சம்பளம் இல்லாமல் அங்கே வேலை செய்தார்கள். கடைசிச் சலவைக்கூடம் மூடியது 1996-ல். அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2013-ல்.

முடிவை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் இதைப் படித்த வாரத்தில் எனக்கு ஆராதனையில் யோவான் 18-ம் அதிகாரம் வாசிக்க வந்தது. எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றம், ராத்திரி. 'குளிர்காலமானபடியினாலே ஊழியக்காரரும் சேவகரும் கரிநெருப்புண்டாக்கி, நின்று, குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடனேகூடப் பேதுருவும் நின்று குளிர்காய்ந்துகொண்டிருந்தான்.' அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. மைக் கோளாறு என்று நினைத்து ஒரு தம்பி எழுந்து ஓடி வந்தான்.

தமிழில் குளிர்காய்வது என்ற வார்த்தைக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். அடுத்தவன் வீடு எரிய, அதில் குளிர்காய்கிறான் என்போம். வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் அதை நினைத்தா எழுதினார்கள்? இல்லை, குளிர் அடித்தது, காய்ந்தான், அவ்வளவுதான். ஆனால் தமிழில் வாசிக்கிறவனுக்கு ரெண்டும் சேர்ந்துதான் காதில் விழுகிறது. பேதுரு அங்கே ஒன்றும் பெரிய கொடுமை செய்யவில்லை. கை நீட்டி யாரையும் அடிக்கவில்லை. உள்ளே அவனுடைய குருவான இயேசுவின் விசாரணை நடக்கிறது, வெளியே கணகணப்பு இருக்கிறது, அங்கே நிற்கிறான்.

நண்பருக்கு நான் சொல்ல விட்டது இதுதான். சபையின் முதல் தலைவனை இந்த நிலையில் எழுதி வைத்தவர்கள் சபையின் விரோதிகள் அல்ல. நாலு சுவிசேஷக்காரரும் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தர்கூட மூடி மறைக்கவில்லை. நாம் வாரா வாரம் சாட்சி சொல்கிறோமே, வியாதி வந்தது, ஜெபித்தோம், குணமானது என்று, அதுவும் சாட்சிதான். இதுவும் சாட்சிதான்.

ஜப்பானியர் ஷூசாகு எண்டோ 1966-ல் எழுதிய 'சைலன்ஸ்' நாவலையும் இந்த முறை மறுபடி எடுத்தேன். அவர் சிறுவயதிலேயே திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானுக்கு ஒளிந்து வந்த ஒரு பாதிரியாரின் கதை. அங்கே கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். கிறிஸ்துவின் உருவத்தை மிதித்துக் காட்டினால் விட்டுவிடுவார்கள். கிச்சிஜிரோ என்று ஒருவன் வருவான். மிதிப்பான், காட்டிக்கொடுப்பான், அழுதுகொண்டே பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவான், மறுபடி மிதிப்பான். முதல் முறை படித்தபோது அவனைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது. இந்த முறை அவன் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதிரியார் மிதிக்கிற இடத்தில் தூரத்தில் சேவல் கூவுகிறது, பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த ராத்திரியில் கூவியது மாதிரி. முதல் பகுதியில் வருகிற கடிதங்கள் கொஞ்சம் நீளம். பொறுமை வேண்டும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பி. எச். டேனியல் என்ற மருத்துவர் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதியது 'ரெட் டீ'. ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கம் கட்டியவர். தமிழில் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று கொண்டுவந்திருக்கிறார். 1920-கள். கருப்பன், வள்ளி என்று ஒரு ஜோடி. மேஸ்திரி முன்பணம் கொடுத்து மலைக்கு ஏற்றிவிடுகிறான். ஏறினால் கடன் இறங்க விடாது. காய்ச்சலில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள். பிற்பாடு ஆபிரகாம் என்று ஒரு நல்ல டாக்டர் வருகிறார். அவர் வந்ததும் எனக்கே மூச்சு வந்தது. நாவலில் நம் ஆள் ஒருவர் நல்லவராக வந்துவிட்டால் எவ்வளவு சுகமாக இருக்கிறது பாருங்கள்! அந்தச் சுகத்தின் மேல் இப்போது எனக்குக் கொஞ்சம் சந்தேகம். 2013-ல் வந்த 'பரதேசி' படம் இந்த நாவலிலிருந்து எடுத்ததுதான். படத்தில் வருகிற டாக்டர் வேறு மாதிரி, மதம் மாற்றுவதில் குறியாக இருப்பவர். அதற்காகக் கோபப்பட்ட நம் ஆட்கள் பலபேர் நாவலைத் தொட்டதில்லை. முந்நூறு பக்கம் தொழிலாளர் லயன் வீட்டுச் சாவைப் படித்துவிட்டு அப்புறம் கோபப்பட்டிருக்கலாம்.

ஊட்டி ஸ்டீபன் சர்ச்சைப் பார்க்க வருகிறவர்களிடம் ஒரு விஷயம் பெருமையாகச் சொல்வார்கள். 1831-ல் திறந்த கோயில். அதன் விட்டங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்த மரம். நானும் விருந்தாளிகளிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். தோற்றவன் வீட்டு விட்டம் என்று யோசித்ததில்லை.

எரியும் பனிக்காடு படிக்கும்போது இன்னொன்றும் சேர்ந்து வந்தது. அதை வானொலியில் சொல்லலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன்.

கொழுந்துக்கு ரெண்டு எடை உண்டு. களத்தில் ஒரு எடை. பெண்களுக்குக் கூலி அதை வைத்துத்தான். ஃபாக்டரிக்கு வந்ததும் மறுபடி ஒரு எடை. களத்தில் ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மழையில் நனைந்த கொழுந்தில் தண்ணீர் இருக்கும், கழிப்பது நியாயம். ஆனால் நான் இருந்த தோட்டத்தில் வெயில் கொளுத்துகிற மாசியிலும் அதே கழிவுதான். களத்திலிருந்து ஃபாக்டரிக்கு வருவதற்குள் கொழுந்து கொஞ்சம் வாடி எடை குறையுமே தவிர அதிகமாகாது. எங்கள் தராசில் தினமும் கூடியது. ரெண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் பதிவேட்டில் எழுதியவன் நான். எழுதிவிட்டு, தூள் உலர்த்தும் டிரையர் அடுப்பு ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். ராத்திரி அந்தக் கட்டடத்திலேயே கணகணப்பான இடம் அதுதான். ஏழைகள் படும் பாட்டைப் பற்றி அங்கே உட்கார்ந்துதான் நாவல் படித்தேன். கண்ணில் தண்ணீரும் வந்திருக்கிறது. பதிவேடு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். எனக்கும் ரெண்டு பிள்ளைகள், குவார்ட்டர்ஸ் வீடு. யாரும் என்னை மிரட்டவில்லை.

நேரம் ஆகிறது, ஒரு புத்தகத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஹெப்ஸிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. ஆங்கிலப் பேராசிரியை, ஆனால் எழுதியது பனைவிளை ஊரின் பேச்சுத்தமிழ். பெரிய குடும்பத்துப் பெண் லிஸி, பனையேறி மகன் தங்கராஜ். வயசுக்கு வந்த பெண்ணை வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். பழம்பெருமை மட்டும் மிஞ்சிய வீடு. கோயில், ஜெபம், வேதப்புத்தகம் எல்லாம் அதில் வீட்டுத் திண்ணை மாதிரி சாதாரணமாக இருக்கும். யாரும் நின்று பிரசங்கம் பண்ணுவதில்லை. கிறிஸ்தவ நாவல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் விளக்கம் சொல்வதில்லை. இதை எடுத்துக் கொடுத்துவிடுவேன். ரெண்டு பிரதி போய்விட்டது, திரும்பி வரவில்லை.

ஜெபக்குழுவில் அந்த எடை விஷயத்தைச் சொன்னேன். யாரும் பேசவில்லை. ஒரு அம்மா இருந்தார், எழுபது வயசுக்கு மேல், அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்களுக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க டீமேக்கரய்யா? அதுக்குத்தானே காலையில பனியோட எடுத்த கொழுந்த ஒதறாம சாக்குல போடுவோம்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே கேட்டார்: "அது கிடக்கட்டும். அந்தக் கரிக்காரன் அந்தப் பிள்ளைய வெளிய கூட்டிட்டு வந்தானா இல்லையா?"

"படிச்சாத்தான்மா தெரியும்."

"எனக்கு இங்கிலீஷ் வருமா? நீங்க படிச்சுச் சொல்லுங்க."

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வீட்டுத் திண்ணையில் வெயிலில் உட்கார்ந்து நாலு நாலு பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாற்பதாம் பக்கம் தாண்டியிருக்கிறோம். கரி இறக்குகிற இடம் வந்தால் மட்டும் நிறுத்தி, அயர்லாந்தில் மூட்டை என்ன எடை இருக்கும், கூலி எப்படி என்று கேட்கிறார்.