மைசெனின் பழுப்பு வில்லைகள்

நண்பர்களே, ஜெர்மனியின் மைசென் பீங்கான் ஆலை என்றதும் வெள்ளைப் பீங்கானும் நீல வாள் முத்திரையும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நான் பேச வந்தது அதே ஆலையின் செம்பழுப்புச் சரக்கைப் பற்றி. மெருகு பூசாத ஸ்டோன்வேரில், அதாவது அதிகச் சூட்டில் கல் போல இறுகச் சுட்ட மண்ணில் செய்த நினைவுப் பதக்கங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் வில்லைகள்.

போட்கர் என்ற இளைஞன் தங்கம் செய்யத் தெரியும் என்று பீற்றிக்கொண்டு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியை ஆண்ட அகஸ்டஸிடம் வசமாகச் சிக்கினான். தங்கமா வரும்? ஷிர்ன்ஹவுஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து மண்ணோடு மல்லுக்கட்டியதில், சீனத்து யீஷிங் தேநீர்க் குடுவையைப் போன்ற செந்நிற ஸ்டோன்வேர்தான் முதலில் கைக்கு வந்தது. வெள்ளைப் பீங்கான் அதற்கு அப்புறம். 1710-ல் மைசென் கோட்டையில் ஆலை தொடங்கியபோது இந்தச் சிவப்புச் சரக்கை ரத்தினக்கல் போலச் சக்கரத்தில் வைத்துப் பட்டை தீட்டினார்கள். அவ்வளவு கெட்டி. ஆனால் வெள்ளை வந்த பிறகு இதைச் சீந்த ஆளில்லை.

மறுபடி மவுசு வந்தது முதல் உலகப் போர் முடிந்த பிறகு. உலோகமெல்லாம் போருக்குப் போய்விட, ஜெர்மனியில் சில்லறைத் தட்டுப்பாடு. 1920, 1921-ல் சாக்சனி மாநிலத்துக்காக மைசென் ஆலை மண்ணிலேயே காசு சுட்டது. கடைக்காரர் கல்லாவுக்குப் போனதைவிடச் சேகரிப்பவர் பெட்டிக்குப் போனதுதான் அதிகம்! கூடவே நினைவுப் பதக்கங்களும் வந்தன. பலவற்றுக்கு வடிவம் கொடுத்தவர் பால் பியோர்னர் என்ற சிற்பி.

பதக்கத்துக்கு இந்த மண் பொருந்தியதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளைப் பீங்கானில் மெருகுப்பூச்சு உருகும்போது நுண்ணிய கோடுகளை மூடிவிடும். இதில் பூச்சே கிடையாது. மூக்கு நுனி, தாடி மயிர், விளிம்பு எழுத்து எல்லாம் அச்சில் வெட்டியபடியே நிற்கும். சூளையில் சுருங்குமே, அதற்காக அச்சை மட்டும் பெரிதாக வெட்டுவார்கள்.

சரி, எதைச் சேர்ப்பது? போட்கர் காலத்துச் சாமான்களை மியூசியத்துக்கு விட்டுவிடுங்கள், நமக்குக் கட்டுப்படியாகாது. என்னைக் கேட்டால், கிழக்கு ஜெர்மனிக் காலத்து வில்லைகள். ஊருக்கு ஆண்டுவிழாவா, தொழிற்சாலைக்கு வெள்ளிவிழாவா, உடனே மைசெனுக்கு ஓர் ஆர்டர். 1960-ல் ஆலையே தன் 250-ஆவது ஆண்டைக் கொண்டாடியது. 1983-ல் கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் 500-ஆவது பிறந்தநாளுக்கும் பதக்கம். கம்யூனிஸ்ட் ஆட்சியில், அதுவும் ஒரு மதகுருவுக்கு! விலை போகாது என்று பலர் ஒதுக்குவது தொழிற்சாலை வில்லைகளைத்தான். நான் தேடிப் பிடிப்பதும் அவற்றைத்தான். 1990-க்குப் பிறகு அந்த நாடே இல்லை. பெயர் பொறித்த ஆலைகள் பலவும் மூடிவிட்டன. அங்கே வேலை பார்த்தவர்கள் இருந்ததற்கு இந்த மண்வில்லை ஒரு சாட்சி.

வாங்கும்போது வாள் முத்திரையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் கண்ணுக்குத் தப்பினாலும் நகத்துக்குத் தப்பாது. அழுக்கு இருந்தால் வெறும் தண்ணீர் போதும், இந்த மண் நீர் உறிஞ்சாது. பளபளப்புக்காக எண்ணெயோ மெழுகோ தடவி விற்பவரிடம் மட்டும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.