புரதம் என்று கணக்கில் ஏறிய நைட்ரஜன்

நேயர்களே, வணக்கம். 2008 செப்டம்பரில் சீனாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. பால்மாவு குடித்த கைக்குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் கல். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள் என்று அந்நாட்டு அரசே பிறகு அறிவித்தது. பேசவும் தெரியாத வயதில் கல் அடைத்த வலி. இன்றைக்கு நினைத்தாலும் மனம் பதறுகிறது.

அந்தப் பாலைச் சோதிக்காமல் வாங்கினார்களா? இல்லை, சோதித்துத்தான் வாங்கினார்கள். அந்தச் சோதனையைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

1883இல் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் கண்டுபிடித்த முறை அது. பாலில் புரதம் எவ்வளவு என்று பார்க்க அதைத்தான் பயன்படுத்துகிறோம். கழுத்து நீண்ட கண்ணாடிக் குடுவையில் பாலை ஊற்றி, அடர் கந்தக அமிலம் சேர்த்துக் கொதிக்க விடுவோம். முதலில் கருகி, தார் மாதிரி ஆகும். மணிக்கணக்கில் கொதித்த பிறகு கருமை விலகித் தெளியும். அதற்குள் பாலில் இருந்த நைட்ரஜன் முழுவதும் அம்மோனியம் உப்பாக மாறியிருக்கும். அப்புறம் காரம் சேர்த்து, அம்மோனியாவை வடித்தெடுத்து அளப்போம். புரதத்தில் நைட்ரஜன் உண்டு என்பதால், கிடைத்த நைட்ரஜனை 6.38ஆல் பெருக்கினால் பால் புரதத்தின் அளவு என்பது கணக்கு.

அதாவது இந்த முறை புரதத்தை நேரடியாக அளப்பதே இல்லை. நைட்ரஜனைத்தான் அளக்கிறது. நேர்மையான பாலுக்கு இது மிக நல்ல முறை. ஆனால் சூது செய்கிறவனுக்கு அந்த இடைவெளி போதும்.

மெலமைன் ஒரு வெள்ளைப் பொடி. உடையாத தட்டு, கிண்ணம் செய்யும் பிளாஸ்டிக்கிற்கு மூலப்பொருள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு லிட்டர் பாலில் ஒரே ஒரு கிராம் போட்டால், 4 கிராமுக்கும் மேலாகப் புரதம் கூடியதாகக் கணக்கு காட்டும். பாலில் தண்ணீரை ஊற்றி, குறைந்த புரதத்தை இந்தப் பொடியால் ஈடுகட்டினார்கள். குழந்தைகளின் உடலில் அது யூரிக் அமிலத்தோடு சேர்ந்து கல்லாக இறுகியது.

இப்போது மெலமைனைப் பிடிக்க நுட்பமான கருவி இருக்கிறது. கலவையில் உள்ள பொருள்களைப் பிரிக்கும் திரவ நிறப்பிரிகையும், அவற்றை மூலக்கூறின் நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிரல்மானியும் சேர்ந்தது அது. மிக நுண்ணிய அளவைக்கூடக் காட்டிவிடும். குழந்தைப் பால்மாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வரம்பும் வைத்திருக்கிறது. சரி, நாளைக்கு வேறொரு பொடியைக் கலந்தால்? எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்தால்தான் அந்தக் கருவி கைகொடுக்கும்.

ஆகவே எனக்குப் பழைய, எளிய வழி ஒன்றின் மேல்தான் நம்பிக்கை அதிகம். பாலில் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் சேர்த்தால் புரதம் திரிந்து வெள்ளை வெள்ளையாகக் கீழே படியும். வடிதாளில் ஊற்றினால் புரதம் மேலே தங்கிவிடும், தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். மெலமைன் போன்ற பொடி புரதத்தோடு படியாமல் அந்த நீரோடு இறங்கிவிடும். நல்ல பாலிலும் அந்த நீரில் கொஞ்சம் நைட்ரஜன் இருக்கும். யூரியா போன்றவை பாலில் இயல்பாகவே உண்டு. நல்ல பாலில் அது மொத்த நைட்ரஜனில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். அதைவிட மிகவும் ஏறியிருந்தால், கலந்தது இன்னதென்று பெயர் தெரியாவிட்டாலும், அந்தப் பாலைப் பால்மாவு ஆலைக்குள் போகாமல் வாசலிலேயே நிறுத்திவிடலாம்.