யோபின் மூன்றாம் அதிகாரம்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் அடக்க ஆராதனைக்கு நீங்கள் எப்போதாவது போயிருந்தால், இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள்: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." ஒரே நாளில் தன் மந்தைகளையும் பத்துப் பிள்ளைகளையும் இழந்த யோபு, வேதாகமத்தில் அவருடைய பெயரால் வழங்கும் நூலின் முதல் அதிகாரத்தில் சொன்ன சொற்கள் இவை. அதே யோபு, இரண்டு அதிகாரம் தள்ளி, தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அந்த நாள் இருண்டு போகட்டும், நாள்களின் கணக்கிலேயே அது சேராதிருக்கட்டும் என்று கதறுகிறார். முதல் அதிகாரத்தை எத்தனையோ கல்லறைத் தோட்டங்களில் கேட்டிருக்கிறேன். மூன்றாம் அதிகாரத்தை அங்கே ஒருவரும் வாசித்துக் கேட்டதில்லை. நல்லவரும் வல்லவருமான கடவுள் படைத்த உலகில் துன்பம் ஏன் என்ற கேள்வியைக் கிறிஸ்தவச் சிந்தனை எப்படிச் சுமந்து வந்திருக்கிறது என்று பேச என்னை அழைத்தபோது, என் நினைவுக்கு முதலில் வந்தது வாசிக்கப்படாத அந்த அதிகாரம்தான்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் தெருவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி காய்ச்சலில் இறந்துபோனாள். தலையில் எண்ணெய் வைத்து வாரி, இரட்டைச் சடை போட்டு, பள்ளி ஆண்டு விழாவுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை உடுத்தி, கூடத்தில் பெஞ்சின்மேல் கிடத்தியிருந்தார்கள். ஊரில் மதிக்கப்பட்ட பெரியவர் ஒருவர் அந்தத் தாயின் அருகில் குனிந்து, "ஆண்டவர் தோட்டத்துக்கு ஒரு பூ தேவைப்பட்டிருக்கும்மா, அதான் பறிச்சுக்கிட்டாரு" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்து, "அவருக்கு இருக்கிற பூவெல்லாம் பத்தலையா?" என்று கேட்டாள். கூடம் அடங்கிப் போனது. பெரியவர் நல்ல மனிதர். ஆறுதல் சொல்லத்தான் வந்தார். ஆனால் அவர் சொன்னதில் தன் குழந்தையைப் பறித்த ஒரு கை அந்தத் தாய்க்குத் தெரிந்துவிட்டது. பிறகு அடுத்த தெருவிலிருந்து வந்த ஒரு பெரியம்மா ஒன்றும் பேசாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அடக்கம் முடியும்வரை அதை விடவேயில்லை.

மெய்யியலில் இந்தக் கேள்விக்கு மிகப் பழைய வடிவம் உண்டு. கிரேக்கச் சிந்தனையாளர் எபிகூரஸ் கேட்டதாக, நான்காம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் லக்தான்சியுஸ் அதைப் பதிவுசெய்திருக்கிறார். தீமையை நீக்கக் கடவுள் விரும்பியும் முடியவில்லை என்றால் அவர் வல்லவர் அல்லர். முடிந்தும் விரும்பவில்லை என்றால் நல்லவர் அல்லர். விரும்பவும் செய்கிறார், முடியவும் செய்கிறது என்றால் தீமை எங்கிருந்து வருகிறது? தன் எதிரியின் கேள்வியைக் கூர் மழுங்காமல் எழுதிவைத்த கிறிஸ்தவர் ஒருவர் வழியாகத்தான் இது நமக்கு வந்து சேர்ந்தது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதற்குப் பதில் தேடியவர்களில் முதன்மையானவர் வட ஆப்பிரிக்காவில் 354-ஆம் ஆண்டு பிறந்த அகுஸ்தீன். ஒளிக்கும் இருளுக்கும் தனித்தனி மூலங்கள் உண்டு என்று கற்பித்த மானி சமயத்தில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இருந்து வெளியேறியவர் அவர். தீமை என்பது ஒரு பொருளே அல்ல, நன்மையின் குறைவு என்பது அவர் கண்ட முடிவு. குடத்தில் விழுந்த ஓட்டையைக் குடத்தைவிட்டுத் தனியே எடுத்துக் காட்ட முடியாது. குருடு என்பது பார்வை இல்லாமையே தவிர கண்ணுக்குள் குடியேறிய இன்னொரு பொருள் அல்ல. ஆகவே கடவுள் தீமையைப் படைக்கவில்லை; மனிதனுக்கு அளிக்கப்பட்ட சுயாதீன சித்தம் நன்மையிலிருந்து திரும்பியபோது ஓட்டை விழுந்தது. இந்த வாதத்தின் கட்டுக்கோப்பை நான் இன்றும் வியக்கிறேன். ஆனால் அதே அகுஸ்தீன் தம் சுயசரிதையில், இளமையில் இறந்த நண்பன் ஒருவனைப் பற்றி எழுதும்போது, எதைப் பார்த்தாலும் மரணமாகத் தெரிந்தது, தான் தனக்கே ஒரு பெரும் கேள்வியாகிவிட்டதாகச் சொல்கிறார். நன்மையின் குறைவு என்ற விளக்கத்தை அவர் அந்தத் துக்கத்தின்மேல் பூசி மூடவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்த விவாதம் புதிதாக எழுந்தது. எல்லாம் வல்ல, முழு நன்மையான கடவுள் உண்டு என்பதும் தீமை உண்டு என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை என்று 1955-இல் மெய்யியலாளர் ஜே. எல். மேக்கி வாதிட்டார். உண்மையான விருப்புரிமை உள்ள உயிர்களைப் படைப்பதென்றால், அவை தவறு செய்யக்கூடும் என்பதையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும், ஆகவே முரண்பாடு இல்லை என்று கிறிஸ்தவ மெய்யியலாளர் ஆல்வின் பிளான்டிங்கா விடை தந்தார். தருக்க அளவில் அந்த விடை நிற்கிறது என்றே நினைக்கிறேன். கொலைகாரனின் கையையும் போர்க்களத்தையும் அது ஓரளவு விளக்கும். ஆனால் 1979-இல் மெய்யியலாளர் வில்லியம் ரோ வேறொரு காட்சியை முன்வைத்தார். எங்கோ ஒரு காட்டில் மின்னல் விழுந்து தீப்பிடிக்கிறது. ஒரு மான்குட்டி வெந்து, நாட்கணக்கில் துடித்துச் சாகிறது. பார்த்தவர் எவரும் இல்லை. யார் விருப்புரிமையைக் காக்க, யாருக்குப் பாடம் புகட்ட அந்தக் குட்டி துடித்தது? காய்ச்சலில் இறந்த குழந்தையை வைத்துக் கேட்டாலும் இதே கேள்விதான்.

இயற்கையின் கையால் வரும் இத்தகைய துன்பம் ஐரோப்பியக் கிறிஸ்தவத்தை உலுக்கிய நாள் 1755 நவம்பர் 1. சகல பரிசுத்தவான்களின் திருநாள். போர்ச்சுக்கலின் தலைநகரான லிஸ்பனில் காலைப் பூசைக்காக ஆலயங்கள் நிறைந்திருந்த வேளையில் பூமி அதிர்ந்தது; கல் மண்டபங்கள் வழிபட்டவர்கள்மேல் இடிந்து விழுந்தன. தப்பியவர்கள் கட்டடங்கள் இல்லாத ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் உள்வாங்கி, அடியில் கிடந்த பழைய கப்பல் துண்டுகள் வெளியே தெரிந்தன. பிறகு அலை எழுந்து வந்து கரையில் நின்றவர்களை வாரிக்கொண்டு போனது. திருநாளுக்காக ஏற்றிய மெழுகுவர்த்திகளிலிருந்தும் அடுப்புகளிலிருந்தும் பற்றிய நெருப்பு நாட்கணக்கில் எரிந்தது. சகல பரிசுத்தவான்களின் பெயர் தாங்கிய அரச மருத்துவமனையும் நோயாளிகளோடு எரிந்தது. கார்மோ மடத்து ஆலயம் கூரையில்லாத வளைவுகளோடு இன்றும் அந்த நகரில் நிற்கிறது.

இருக்கக்கூடிய உலகங்களிலெல்லாம் இதுவே மிகச் சிறந்தது என்று 1710-இல் ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ் நிறுவியிருந்தார். கடவுளின் நீதியை நிலைநாட்டுதல் என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைக் கூட்டித் தம் நூலுக்குப் பெயரும் சூட்டியிருந்தார். அந்த நம்பிக்கைக்கு எதிராகப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்தேர் லிஸ்பனைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். லண்டனையும் பாரிசையும் விடவா லிஸ்பன் அதிகப் பாவம் செய்தது என்று அதில் கேட்டார். லிஸ்பனிலேயோ மலகிரிடா என்ற இயேசு சபைத் துறவி, நகரத்தின் பாவமே காரணம் என்று 1756-இல் ஒரு சிறு நூலை வெளியிட்டு, குடிசை கட்டுவதில் காட்டும் முனைப்பை மனந்திரும்புவதில் மக்கள் காட்டக்கூடாதா என்று வருந்தினார். வீடிழந்து, வெளியில் படுத்துக் கிடந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை இது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அரசியல் பகையால் அந்த முதியவரே கொடூரமாகக் கொல்லப்பட்டார் என்பதால், அவர்மேல் எனக்குக் கோபத்தோடு இரக்கமும் உண்டு.

வால்தேரின் கேள்வி கிறிஸ்தவத்துக்கு வெளியிலிருந்து வந்த கல்லெறி என்றே பலரும் எண்ணுகிறார்கள். லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை எடுத்து, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று தாமே சொல்கிறார். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும் இரண்டுமில்லை என்றார். மலகிரிடாவுக்கு மறுப்பு அவர் கையிலிருந்த நூலிலேயே இருந்தது.

இந்தக் கதைக்கு நம் கடற்கரையோடும் தொடர்பு உண்டு. புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் உயிர் பிழைத்துக் கரை சேர்ந்த நன்றிக்காக எழுப்பிய ஆலயம் என்பது வேளாங்கண்ணியின் மரபு. கடல் விட்டுக்கொடுத்தவர்களின் நன்றியால் எழுந்த அந்த ஊரில், 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், கரையில் நின்ற யாத்திரிகர்களைக் கடல் எடுத்துக்கொண்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மாலுமிகளைக் காத்தவர் யாத்திரிகர்களை ஏன் காக்கவில்லை? இதற்கு எளிதாக விடை சொல்லும் எவரையும் நான் நம்புவதில்லை.

மீண்டும் யோபிடம் வருகிறேன். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் அவரைப் பார்க்க வந்து, ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நூலில் அவர்கள் செய்த மிக நல்ல காரியம் அதுதான். யோபு வாய் திறந்து புலம்பியதும் அவர்களால் பொறுக்க முடியவில்லை. குற்றமற்றவன் எவன் அழிந்தான், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்று அதிகாரம் அதிகாரமாகக் கடவுளின் பக்கம் நின்று வழக்காடினார்கள். யோபோ கடவுளோடு வழக்காடினார். கடைசியில் பெருங்காற்றிலிருந்து பேசிய கடவுள், "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று தொடங்கி, வரையாடு ஈனும் காலத்தையும், மனிதர் இல்லாத வனாந்தரத்தில் பெய்யும் மழையையும் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். இளமையில் இந்தப் பகுதி எனக்கு வலியவன் எளியவனை அதட்டுவதாகவே பட்டது. பல முறை படித்த பிறகுதான் அதில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டது: நீ பாவம் செய்தாய், அதனால் இது வந்தது என்று கடவுள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. யோபைச் சோதிப்பது பற்றிக் கடவுளுக்கும் சாத்தானுக்கும் இடையே பரலோகத்தில் நடந்த உரையாடல், நூலின் தொடக்கத்திலேயே வருவதால், வாசகருக்குத் தெரியும். யோபுக்கு இறுதிவரை சொல்லப்படவே இல்லை. பிறகு வருகிறது தீர்ப்பு. தமக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள்மேல் கோபம் கொண்டு, என்னைக் குறித்து நிதானமானதைப் பேசியவன் யோபே என்கிறார் கடவுள். பிறந்த நாளைச் சபித்த வாய்க்கு அந்தச் சான்று கிடைக்கிறது.

துக்கத்தில் எழும் கேள்வியை அவிசுவாசம் என்று அடக்குபவர்கள் இந்தத் தீர்ப்பை எங்கே வைப்பார்கள்? சிலுவையில் தொங்கிய இயேசுவும் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று, வேதாகமப் பாடலான பழைய சங்கீதம் ஒன்றின் முதல் அடியை உரத்த குரலில் கேட்டார். கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுவில் இருப்பது விடை கிடைக்காத ஒரு "ஏன்". தருக்கத்தின் விடைகளை வகுப்பறையில் நானும் கற்பித்திருக்கிறேன். விசுவாசம் முரண்பாடு அல்ல என்று காட்ட அவை தேவை. பெஞ்சின்மேல் ஒரு குழந்தை கிடக்கும் வீட்டுக்குள் அவற்றை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

யோபு நூலின் முடிவில் ஒரு கணக்கு வருகிறது. ஏழாயிரம் ஆடுகள் பதினாலாயிரம் ஆகின்றன, மூவாயிரம் ஒட்டகங்கள் ஆறாயிரம் ஆகின்றன. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை. முன்பிருந்தது போலவே ஏழு மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தார்கள். இறந்த பத்துப் பேரும் இறைவனிடத்தில் இன்னும் யோபின் பிள்ளைகளாகவே இருப்பதால், கூட்டிப் பார்த்தால் இருபது வரும் என்று அந்தக் கணக்கை விளக்குபவர்கள் உண்டு.

எங்கள் தெருத் தாய்க்கு மூத்தவளுக்குப் பின் இரண்டு பையன்கள். பல ஆண்டுகள் கழித்து, மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். "மூணு" என்றாள். உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று அவர் மறுபடி கேட்டார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக்கோங்க, மூணு" என்றாள்.